மருமகனின் மண்ணிறச் சப்பாத்து

"கறுப்புக் கோட்டுக்கு மண்ணிறச் சப்பாத்துக் கேக்கிறவன், என்ட மருமகனா வந்தாலும் வெறுங்காலோடதான் போவான்!"

காத்தான்குடியில் கோட்டும் சப்பாத்தும் விற்கும் பதியுதீன் இப்படிப் பிரகடனம் செய்தபோது அவருடைய மகள் ஸாதியா நாலாம் வகுப்பில் இருந்தாள். மருமகன் என்பது வெறும் பேச்சுக்குச் சொன்னது.

பதியுதீன் கட்டாரில் ஒரு பெரிய ஹோட்டலில் கதவு திறந்துவிடும் உத்தியோகம் பார்த்தவர். குனிந்து கதவைத் திறக்கிறவருக்கு வருகிறவரின் முகம் தெரியாது, சப்பாத்துத் தெரியும். அப்படித் தலை குனிந்து கற்ற கல்வி: நீலக் கோட்டுக்கு மண்ணிறம், சாம்பலுக்குக் கருஞ்சிவப்பும் ஆகும், கறுப்புக்குக் கறுப்பு மட்டும். இதை ஏற்காதவர்களுக்கு அவர் சாமான் கொடுப்பதில்லை. போன வருடம் ஏறாவூர் இஷாம், தன் கலியாணத்துக்குக் கறுப்புக் கோட்டோடு மண்ணிறச் சப்பாத்துக் கேட்டு மன்றாடிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு போனார்.

வளர்ந்து படிப்பும் முடித்துவிட்ட ஸாதியாவுக்கு இந்த வருடம் மாப்பிள்ளை அமைந்தது. பெயர் றிப்ஷான், வங்கியில் வேலை. மாப்பிள்ளையின் உடுப்பு பெண் வீட்டார் பொறுப்பு என்பதால் கறுப்புக் கோட்டைத் தைத்து முடித்துவிட்டு, பதியுதீன் தொலைபேசியில் அழைத்தார்.

"மகன், கறுப்புச் சப்பாத்து எடுத்து வெச்சிருக்கன். இத்தாலித் தோல்."

"இல்ல மாமா, எனக்குப் பிறவுண்தான் வேணும். உங்கட கடையில இல்லாட்டிச் சொல்லுங்க, கல்முனையில எடுப்பம்."

சப்பாத்துக்காரரின் மருமகனுக்குக் கல்முனையில் சப்பாத்து! பதியுதீன் தொலைபேசியைக் கையால் பொத்தினார்.

பக்கத்தில் நின்ற மனைவி றஸீனா தாழ்ந்த குரலில் சீறினாள்: "ஓம் எண்டு சொல்லுங்க. மகள்ட பேருக்குச் சீதனமா வீட்ட எழுதக்குள்ள வராத ரோசம், சப்பாத்துக்கு மட்டும் எங்கயிருந்து வருது? கலியாணம் நிண்டா அந்த இத்தாலித் தோலுக்கா புள்ளயக் கட்டிக் குடுக்கிற?"

"ஓம் மகன்," என்றார் பதியுதீன். "பிறவுணும் நல்லாத்தான் இருக்கும்."

அதைச் சொன்ன வாயோடு அன்று அவர் சோறு தின்னவில்லை. ஒருநாள் கூத்தென்றால் கண்ணை மூடிக்கொள்ளலாம். எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெண் வீட்டிலல்லவா குடியேறுகிறார்? அவருடைய சப்பாத்தும் கூடவே குடியேறும்.

நிக்காஹ் முடிந்து மாப்பிள்ளை வந்தார். கறுப்புக் கோட்டு, பளபளக்கும் மண்ணிறச் சப்பாத்து. ஊரே வடிவென்றது. சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

மாப்பிள்ளையின் கூட்டாளியாக விருந்துக்கு வந்த இஷாம் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"பதியுதீன் காக்கா, கறுப்புக் கோட்டுக்கு இது ஆகாதெண்டு என்னைத் துரத்தினீங்களே?"

"மாப்பிள்ளைக்கு எடுப்பாத்தான் இருக்கு, தம்பி. உள்ள போங்க, சோறு ஆறுது."

இஷாம் போனதும் பதியுதீன் அக்கம்பக்கம் பார்த்தார். தன் கோட்டுப் பையில் அழகுக்கு மடித்துச் செருகியிருந்த பட்டுக் கைக்குட்டையை உருவி, குனிந்து, மருமகனின் சப்பாத்தில் ஒட்டிய மணலைத் துடைத்தார். பிறகு படியில் இருந்த தன் கறுப்புச் சப்பாத்தை மணலில் இறக்கிவிட்டு, அந்த இடத்தில் மருமகனின் மண்ணிறச் சப்பாத்தைச் சோடியாக வைத்தார்.