பழுப்பேறிய பட்டுத் துண்டுகள்

எண்பதுகளின் தொடக்கத்தில், கமுந்திங் நகரில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் உதவியாளராக இருந்தேன். தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று பார்க்க வெள்ளி நைட்ரேட் கரைசல் வேண்டும். விலை அதிகம் என்பதால் அந்தப் போத்தலை அலமாரியில் பூட்டி வைப்போம். சாவி என்னிடமும் கெமிஸ்ட்டிடமும் மட்டும்.

ஒரு மாதம் கரைசல் வழக்கத்தைவிட வேகமாகக் குறைந்தது. கெமிஸ்ட் கரைசல் நின்ற மட்டத்தில் போத்தல்மேல் பேனாவால் கோடு போட்டார். கரைசல் பட்டுக் கறுத்த என் விரல் நுனிகளைப் பார்த்தார். அன்று போத்தலை அவரே வைத்துப் பூட்டினார். அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

என் சந்தேகம் கூட்டிப் பெருக்கும் அக்கா மேல் போனது. மதியத்தில் நான் போத்தலைப் பூட்டாமல் மேசையில் விட்டுவிட்டுச் சாப்பிடப் போகும்போதுதான் அவர் வருவார். வீட்டில் ரவிக்கை தைப்பவர்; மிஞ்சிய வெள்ளைப் பட்டுத் துண்டுகளால் மேசையைத் துடைப்பார். ஜன்னலோரம் காயப்போட்ட துண்டுகள் மறுநாளே மஞ்சளாகி, பிறகு பழுப்பாகின.

"அக்கா, வெள்ளியத் துணியில ஊறவச்சுக் கொண்டு போறீங்களா?"

அவர் முகம் செத்துப்போனது. "தொடைச்ச துணிலா இது. நீயே வச்சுக்க." துண்டுகளை என் மேசையில் போட்டுவிட்டுப் போனார்.

அந்த நிறம் என்னை விடவில்லை. ஒரு குவளையில் கரைசலும் கழுவிய பட்டு நூலும், இன்னொன்றில் கரைசலும் பருத்தி நூலும் போட்டு வெயிலில் வைத்தேன். மறுநாள் பருத்தி கிடந்த தண்ணீர் தெளிவாகவே இருந்தது. பட்டு கிடந்தது தேநீர் நிறத்தில் இருந்தது.

"என்ன கலந்தே?" என்றார் கெமிஸ்ட்.

"பட்டு மட்டும்தான் சார்."

நம்பவில்லை. தாமே பட்டு நூலைக் கழுவி, கரைசலை ஊற்றி, அறையைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டார். மறுநாள் அதே நிறம்.

"கண்ணுக்குத் தெரியாத வெள்ளித் துகள். கரைசல்லருந்து பட்டே பிரிச்சிருக்கு," என்றார். அப்போதும் குவளையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தார்.

அன்று மாலை அவர் விரலிலும் கறுப்புக் கறை. முந்தின நாள் ஊற்றும்போது கரைசல் போத்தலின் பக்கமாக வழிந்திருக்கிறது. போத்தலின் வாயைத் தடவிப் பார்த்தோம். விளிம்பில் சின்ன உடைசல். ஒவ்வொரு முறையும் வழிந்து மேசையில் சிந்தியதைத்தான் அக்கா துடைத்திருக்கிறார்.

மன்னிப்புக் கேட்கப் போனேன். "பரவால்ல தங்கச்சி," என்றார். அதற்குப் பிறகு நான் அறையில் இருக்கும்போது மட்டுமே பெருக்க வந்தார். போகும்போது இரண்டு வெறுங்கைகளையும் விரித்துக் காட்டிவிட்டுப் போவார்.