சுகந்தி தன் வெப்சைட்டைத் தானே அழித்த கதை

போன மாதம் ஒரு வியாழக்கிழமை காலை. காபி டம்ளரும் கையுமாக நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, கீழ் ஃபிளாட் சுகந்தி தன் சொந்த வெப்சைட்டை அழித்தாள்.

தவறுதலாக அல்ல. தெரிந்தேதான்! 'நிச்சயமாக அழிக்கவா?' என்று கம்ப்யூட்டர் கேட்டது. ஆமாம் என்றாள். 'அழித்தால் திரும்ப வராது, பரவாயில்லையா?' என்று மறுபடி கேட்டது. அதற்கும் ஆமாம் என்றாள்.

"ஐயையோ... என்னம்மா பண்றே?"

"டெஸ்டிங்குங்க்கா," என்றாள் சாவகாசமாக.

சுகந்தியை உங்களுக்கு அறிமுகப்படுத்திவிடுகிறேன். கோயமுத்தூர் கணபதிக்காரி. இந்த மராத்தி ஊருக்கு வந்து, சாகண் தொழிற்பேட்டையில் ஒரு கார் தொழிற்சாலையில் வருஷக்கணக்காக வேலை பார்த்தவள். கார் கம்பெனிக்குப் பாகங்கள் செய்து தரும் சின்னச் சின்னப் பட்டறைகளுக்குப் போய், எல்லாம் ஒழுங்காக நடக்கிறதா என்று ஆடிட் செய்வது அவள் வேலை. இவள் வருகிறாள் என்றால் பட்டறைகள் நிறைந்த போசரியில் பல ஷெட்டுகளில் காலையிலேயே தரையைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்களாம்!

அந்த வேலையை விட்டுவிட்டு, இப்போது அதே போசரியில் சொந்தமாக ஒரு சின்ன ஷெட் வைத்திருக்கிறாள். கேஜ் செய்கிறாள். கேஜ் என்றால் என்ன? நானும் இப்படித்தான் கேட்டேன். இரும்பில் போட்ட துளை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்க்கும் உருளை. ஒரு முனை துளைக்குள் போக வேண்டும், மறுமுனை போகவே கூடாது. அவ்வளவுதான். ஒரு தலைமுடியை விடக் குறைவான வித்தியாசத்துக்கே பாகத்தைத் தூக்கிப் போட்டுவிடுவார்களாம்.

இத்தனை நாளும் அவளுக்கு வந்ததெல்லாம் மற்ற பட்டறைக்காரர்கள் தள்ளிவிட்ட வேலைகள். இப்போதுதான் முதல் தடவையாக ரஞ்சன்காவில் இருக்கும் ஒரு பெரிய தொழிற்சாலையின் கதவு லேசாகத் திறந்திருந்தது. அங்கே பர்ச்சேஸ் பார்க்கும் ஜோஷி என்பவர், "வெப்சைட் லிங்க் அனுப்புங்க, பார்க்கிறோம்" என்று சொல்லியிருந்தார். இதுவும் நழுவிப்போனால் ஷெட்டைக் காலி செய்துவிட்டுப் பழைய வேலைக்கே திரும்புவது என்று வீட்டில் பேச்சாகியிருந்தது.

வெப்சைட்டை அவளே உட்கார்ந்து செய்துவிட்டாள். ஆனால் அது குடியிருக்க ஓர் இடம் வேண்டுமாமே?

இங்கேதான் எனக்கு மூக்கு வியர்க்க ஆரம்பித்தது. வெப்சைட் என்பது நம் போனுக்குள் இருக்கிறது என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். இல்லையாம். எங்கோ ஓர் ஊரில், ஏசி போட்ட அறையில், ராப்பகலாக அணையாமல் ஓடும் ஒரு கம்ப்யூட்டருக்குள் அது இருக்குமாம். அங்கே வாடகைக்கு இடம் கொடுப்பவர்கள்தான் ஹோஸ்டிங் கம்பெனிகள். எந்த ஊர்? அந்த அறையைப் பெருக்குவது யார்? அதே கம்ப்யூட்டரில் வேறு யார் யார் குடியிருக்கிறார்கள்? நான் கேட்டுக்கொண்டே போக, சுகந்தி கையெடுத்துக் கும்பிட்டாள்.

பிம்ப்ளே சௌதாகரில் எங்கள் பில்டிங் முழுக்க ஐ.டி.காரர்கள்தான். தமிழ்க்காரர்களின் வாட்ஸ்அப் குரூப்பில், "சின்ன பிசினஸுக்கு எந்த ஹோஸ்டிங் நல்லது?" என்று கேட்டுப் பார்த்தாள். அடேயப்பா! ஒருவர் மூன்று நாடுகளில் சர்வர் வைக்கச் சொன்னார். இன்னொருவர், "வாங்காதீங்க, நானே எழுதித் தர்றேன், ஆறு மாசம் டைம் குடுங்க" என்றார். முக்குக் கடைக்குப் போக வழி கேட்டவளுக்கு ஏரோப்ளேன் ஓட்டக் கற்றுக்கொடுத்தார்கள். பெரிய பெரிய சர்வர்களோடு குடித்தனம் நடத்தும் இவர்களில் ஒருவர்கூடச் சொந்தக் காசில் ஒரு சின்ன ஹோஸ்டிங் வாங்கியதில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

சுகந்தியின் வீட்டுக்காரர் மோகனும் அந்த ஜாதிதான். ஒரு வெளிநாட்டு வங்கியின் சர்வர்களை டைனிங் டேபிளில் உட்கார்ந்து மேய்ப்பவர். "எல்லாம் ஒண்ணுதான் சுகந்தி. விளம்பரம் எது அடிக்கடி வருதோ அதை வாங்கிப்போடு" என்றார். சனிக்கிழமைகளில் ஷெட்டுக்குப் போய் பில் போட்டுக் கொடுப்பார். நல்ல மனுஷன்.

சுகந்தி யார் பேச்சையும் கேட்கவில்லை. தனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினாள். ஹோஸ்டிங் கம்பெனிகளையும் ஆடிட் செய்துவிடுவது!

"அக்கா, ஆடிட்ல ஒரு விஷயம் இருக்குதுங்க. 'இருக்கா'ன்னு கேக்கவே கூடாது. கேட்டா எல்லாரும் 'இருக்கு'ன்னுதான் சொல்லுவாங்க. 'காட்டுங்க'ன்னு சொல்லோணும். தீயணைக்கிற சிலிண்டர் இருக்கான்னு கேட்டா இருக்கும்பாங்க. காட்டுங்கன்னா, பூட்டின ரூமுக்குள்ள இருக்கும். சாவி வெச்சிருக்கற ஆளு லீவுல இருப்பாரு!"

எல்லா ஹோஸ்டிங் கம்பெனிகளும் தங்கள் பக்கத்தில் ஒரே மாதிரி எழுதியிருந்தன. அன்லிமிடெட் இடம். எப்போதும் அணையாது. தினமும் பேக்கப், அதாவது உங்கள் வெப்சைட்டுக்கு ஒரு நகல் எடுத்து வைத்துவிடுவார்கள். முதல் வருஷ வாடகை கொள்ளை மலிவு... இரண்டாம் வருஷம் எவ்வளவு என்பதைத்தான் பூதக்கண்ணாடி வைத்துப் படிக்க வேண்டும்.

முதலில் மோகன் சொன்ன விளம்பரக் கம்பெனி. அங்கே ஒரு மாதத்துக்கு மட்டும் இடம் எடுத்து, வெப்சைட்டை ஏற்றி, மறுநாள் அழித்துவிட்டு, "காணாமல் போய்விட்டது, திருப்பிக் கொடுங்கள்" என்று சாட்டில் கேட்டாள். ஹாய் என்று கை ஆட்டிக்கொண்டு, தானாகப் பதில் சொல்லும் ஒரு பொம்மை திரையில் வந்தது. நிச்சயமாக உதவுகிறேன் சார் என்றது. அவளை 'சார்' ஆக்கியதோடு நிற்கவில்லை, நாலு முறை வேறு வேறு ஆளிடம் தள்ளிவிட்டது. கடைசியில் வந்த பதில், பேக்கப் இருக்கிறது, ஆனால் அதிலிருந்து எடுத்துத் தர வேறு பிளான் வாங்க வேண்டும், வாங்கினாலும் பொறுப்பு உங்களுடையதே.

"ஃபெயிலுங்க்கா," என்றாள்.

அடுத்தது நாசிக்கில் இருந்து நடக்கும் ஒரு சின்னக் கம்பெனி. அங்கே முந்தின வாரம் ஏற்றியிருந்த வெப்சைட்டைத்தான் அந்த வியாழக்கிழமை காலை என் கண் முன்னாலேயே அழித்தாள். போனைக் கையில் எடுத்தாள்... அந்த நேரம் பார்த்து மோகன் உள்ளே இருந்து வந்தார்.

"சுகந்தி, ஒரு நல்ல சேதி. ஜோஷிக்கு உன் லிங்க்கைக் காலையிலயே அனுப்பிப்போட்டேன். பதினோரு மணி மீட்டிங்ல பெரிய ஸ்க்ரீன்ல போட்டுப் பாப்பாங்களாமா!"

மணி பத்தைத் தாண்டியிருந்தது.

சுகந்தி கம்ப்யூட்டர் பக்கம் கையை நீட்டினாள். "அதைத்தான் இப்ப அழிச்சுப்போட்டேன்..."

அவளிடம் வேறு நகல் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. பென் டிரைவில். பென் டிரைவ் போசரி ஷெட்டில். அந்த டிராஃபிக்கில் போய் எடுத்து வந்து திரும்ப ஏற்றுவதற்குள் மீட்டிங் என்ன, அவர்களுடைய மத்தியானச் சாப்பாடே முடிந்துவிடும். விளையாட்டாக ஆரம்பித்த ஒன்று இப்படியா ஆக வேண்டும்?

நாசிக்குக்குப் போன் போட்டாள். ஒரு பெண் எடுத்தாள், பெயர் ஸ்வாதி. ஸ்பீக்கரில் எல்லோருக்கும் கேட்டது. ஹிந்தியில்தான் பேசினார்கள்.

"சைட் அழிஞ்சுபோச்சா மேடம்? யார் அழிச்சாங்க?"

"நான்தான்."

"எதுக்கு?"

"உங்ககிட்ட பேக்கப் இருக்கான்னு பாக்க."

அந்தப் பக்கம் கீபோர்டைத் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஸ்வாதி சொன்னாள், "மேடம், உண்மையைச் சொல்லிடறேன். டெய்லி பேக்கப்புன்னு எங்க பேஜ்ல போட்டிருக்கு. உங்க பிளானுக்கு அது கிடையாது. ஞாயித்துக்கிழமை மட்டும்தான் எடுக்கறோம். போன ஞாயிறு வரைக்கும் இருந்ததைத் தர்றேன். அதுக்கப்புறம் நீங்க போட்டது எதுவும் வராது. அதை என்னால கொண்டுவர முடியாது."

செவ்வாய்க்கிழமைதான் சுகந்தி கேஜ்களை விதவிதமாகப் படம் எடுத்துப் போட்டிருந்தாள். அத்தனையும் போச்சு. "சரி, இருக்கறதைக் குடுங்க" என்றாள். மீட்டிங்குக்குச் சற்று முன்னால் வெப்சைட் எழுந்து உட்கார்ந்தது. எழுத்தெல்லாம் இருந்தது. படம் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் கட்டங்கள்.

மத்தியானம் ஜோஷியே கூப்பிட்டார். படங்கள் ஏன் இல்லை என்று கேட்டார். ஏதாவது சாக்கு சொல்லிவிடேன் என்று நான் கையால் ஜாடை காட்டினேன். அவள் நடந்ததை நடந்தபடி சொன்னாள். ஜோஷி எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சனிக்கிழமை உங்க ஷெட்டுக்கு வர்றேன்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். இது நல்லதா, கெட்டதா? யாருக்கும் புரியவில்லை.

அன்று சாயங்காலமே நாசிக் கம்பெனிக்கு ஒரு வருஷப் பணத்தைக் கட்டிவிட்டாள், தினமும் பேக்கப் எடுக்கும் பிளானில். "பொய் சொன்ன கம்பெனிக்கா?" என்றேன்.

"பேஜ்தானுங்க்கா பொய் சொல்லுச்சு. போன்ல பேசுன புள்ள, 'டெய்லி பேக்கப் இல்லை'ன்னு நேராச் சொல்லுச்சே. நான் போன அத்தனை ஷெட்டுலயும் 'இல்லீங்க'ன்னு சொன்ன ஆளு ரொம்பக் கம்மி."

சனிக்கிழமை நானும் போசரிக்குப் போனேன். என்னை யாரும் கூப்பிடவில்லை. வேடிக்கை பார்க்கத்தான்! ஷெட் கண்ணாடி மாதிரி இருந்தது. ஜோஷி பெரிதாகப் பேசாத மனிதர். கரண்ட் போனால் என்ன செய்வீர்கள் என்றார். ஜெனரேட்டரை ஓட்டிக் காட்டினாள். மெஷின் நின்றால்? அதற்கும் காட்டினாள். நான் உள்ளூரக் கைதட்டிக்கொண்டிருந்தேன்.

பிறகு கேட்டார், "கடைசியா அளந்து பார்த்து ஓகே சொல்றது யாரு?"

"நான்தான்."

"உங்களுக்குக் காய்ச்சல் வந்தா? ஊருக்குப் போயிட்டா?"

"என் ஹஸ்பெண்ட் இருக்காரு," என்றாள் சுகந்தி. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

ஜோஷி மேஜையில் இருந்த மைக்ரோமீட்டரை எடுத்தார். அளக்கும் கருவி. அதை மோகன் பக்கம் நீட்டிப் புன்னகையோடு சொன்னார், "திகாயியே."

காட்டுங்க!

மோகன் அதைக் கையில் வாங்கினார். ஸ்பானரைப் பிடிப்பது போலப் பிடித்தார். இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார். ஒரு வங்கியின் கணக்குகளுக்கெல்லாம் எந்தெந்தக் கண்டத்திலோ பேக்கப் வைத்திருக்கும் மனிதர். கருவியை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு, "சார், எனக்குத் தெரியாது. பில் போடத்தான் தெரியும்" என்றார். சுகந்தி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு அவளைப் பார்க்கவே முடியவில்லை. எத்தனை பேரைக் 'காட்டுங்க' என்று கேட்டவள்!

ஜோஷி கோபப்படவில்லை. "இன்னொரு ஆளைத் தயார் பண்ணுங்க. ஒரு மாசம் டைம். அப்புறம் ஒரு சின்ன ஆர்டர் தர்றேன்" என்றார். போகும்போது மோகனின் தோளைத் தட்டி, "அதைத் திருகி ஏதாவது ஒரு நம்பரைச் சொல்லியிருந்தீங்கன்னா, நான் திரும்பி வந்திருக்கவே மாட்டேன்" என்றார்.

காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். சுகந்தி, "நானும் அந்தப் பொம்மை மாதிரியே 'இருக்கு'ன்னு சொல்லிப்போட்டேனுங்க்கா" என்றாள். மோகன் ரோட்டைப் பார்த்தபடியே, "கத்துக்குடு. ரெண்டு நாளும் வர்றேன்" என்றார்.

அன்றிலிருந்து சனி, ஞாயிறு மோகனுக்கு ஷெட்டில்தான் வகுப்பு. லிஃப்டில் பார்த்தால் விரல் நகமெல்லாம் கறுப்பு எண்ணெய். "எப்படிப் போகுது?" என்றால், "வாராவாரம் திட்டு வாங்கறேன் அக்கா. சர்வர் இப்படித் திட்டாது" என்பார்.

போன சனிக்கிழமை காலை சுகந்தி என் வீட்டுக்கு வந்தாள். போனை அணைத்து என் ஃபிரிட்ஜ் மேல் வைத்தாள்.

"இன்னைக்கு ஷெட்டுல நான் இல்லீங்க்கா. ஒரு பெட்டி கேஜ் வெச்சிருக்கறேன். அவரே அளக்கட்டும்."

புரிந்துவிட்டது எனக்கு. இந்தத் தடவை அவள் அழித்தது தன்னையே!

அன்று அவள் பட்ட பாடு இருக்கிறதே... என் வீட்டு வெங்காயத்தை எல்லாம் உரித்துத் தள்ளினாள். பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை ஃபிரிட்ஜைப் பார்த்தாள். இரண்டு முறை போனை எடுத்து, அணைத்தபடியே திரும்ப வைத்தாள். சாயங்காலம் மோகன் பெட்டியோடு நேராக என் வீட்டுக்கே வந்தார். சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து, ஒவ்வொன்றாக அவளே மறுபடி அளந்தாள். மோகன் நகத்தைக் கடித்துக்கொண்டு நின்றார். என் வீட்டுக்காரர் டி.வி. சத்தத்தைக் குறைத்தார்.

ஒன்றே ஒன்றுதான் தவறு. நல்ல கேஜ் ஒன்றைச் சரியில்லை என்று ஒதுக்கி வைத்திருந்தார்.

சுகந்தி அவரை நிமிர்ந்து பார்த்தாள். கண் கலங்கியிருந்தது. "நல்லதை ஒதுக்குனா பரவாயில்லீங்க. கெட்டதை ஒண்ணுகூட விடலையே..." என்றாள்.

திங்கட்கிழமை ஜோஷி ஆளனுப்பி மோகனைச் சோதித்துப் பார்த்தார். புதன்கிழமை ஆர்டர் வந்தது. சின்ன ஆர்டர்தான். ஷெட் இருக்கிறது, அது போதும். வெப்சைட்டில் படங்களும் திரும்ப வந்துவிட்டன, நீங்களே போய்ப் பார்க்கலாம் என்றால் முகவரி தரக்கூடாது என்று சொல்லிவிட்டாள்.

இதையெல்லாம் பக்கத்திலேயே இருந்து பார்த்த என் வீட்டுக்காரர் நேற்றும் வழக்கம்போலச் சொன்னார், "நீ நிம்மதியா ஊருக்குப் போயிட்டு வா. வீட்டை நான் பாத்துக்கறேன்."

"காட்டுங்க," என்றேன். டிக்கெட் போட்டுவிட்டேன்.