செப்புக் குடத்துத் தண்ணீர்

மந்தைவெளியில் எங்கள் ஃப்ளாட்ஸின் மூன்றாம் மாடிக்காரர் சுப்பராமன், ரிடையர் ஆன மறுநாளே தோட்டக்கலை நிபுணர் ஆகிவிட்டார். அதுவரை அவருக்குத் தெரிந்த ஒரே பச்சை, சர்க்கார் ஆபீசில் ஃபைல்களில் கையெழுத்துப் போட்ட பச்சை மை. முப்பத்தைந்து வருஷம் மற்றவர்கள் எழுதியதில் குற்றம் கண்டுபிடித்துச் சம்பளம் வாங்கியவர். பென்ஷன் வந்த பிறகும் அந்த வேலையை அவர் விடவில்லை. நான் அவருக்கு நேர் கீழ் வீடு. பெண்கள் பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி டீச்சர்.

தொண்ணூற்றைந்து நவம்பரில் அவர் பெண் மஹதி ஃப்ளோரிடாவிலிருந்து வந்தாள். ஊரில் மற்ற பெண்கள் சாக்லேட்டும் சென்ட்டும் கொண்டுவருவார்கள். இவள் பெட்டிக்குள் சாக்ஸில் சுருட்டிப் பன்னிரண்டு காற்றுச் செடிகளும் மூன்று ப்ரொமீலியாட்களும் கொண்டுவந்தாள். காற்றுச் செடிக்கு மண்ணே வேண்டாம். கட்டையோ கல்லோ எதையாவது பற்றிக்கொண்டு இலையாலேயே தண்ணீர் குடிக்கும். பார்க்கச் சிக்கெடுக்காத தலை மாதிரி இருக்கும். ப்ரொமீலியாட் அன்னாசிக்கு உறவு. இலைகளெல்லாம் நடுவில் கிண்ணமாகச் சேர்ந்திருக்கும், அதில்தான் தண்ணீர் விட வேண்டும். எப்படி வளர்ப்பது என்று மஹதி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனாள். அவர் அதை மடித்துப் பூஜை அலமாரியில் வைத்துவிட்டார். படித்த மாதிரி தெரியவில்லை.

பாலவாக்கம் கடற்கரையில் ஒதுங்கிய கட்டைகளை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்தார். பளபளவென்று செப்புக் கம்பி வாங்கி, காற்றுச் செடிகளை அவற்றில் இறுக்கிக் கட்டி, பால்கனி கிரில் முழுக்கத் தொங்கவிட்டார். ஒவ்வொன்றுக்கும் லத்தீனில் பெயர்ப்பலகை வேறு. அவர் வீட்டுக்குப் போனவர்களுக்குப் பால்கனியில் முக்கால் மணி நேரம் நிற்காமல் காபி கிடைக்காது. பிப்ரவரியில் அடையாறில் நடக்கும் மலர்க் கண்காட்சியில் அபூர்வச் செடிகளுக்கு ஒரு கோப்பை உண்டு. அதற்காக ஷோகேஸில் மஹதியின் வீணைப் பரிசுகளை ஓரமாகத் தள்ளி டிசம்பரிலேயே இடம் ஒதுக்கிவிட்டார் மனிதர்.

செடிக்கு அவர் விட்ட தண்ணீர்தான் பெரிய கூத்து. "கார்ப்பரேஷன் தண்ணியில க்ளோரின் இருக்கு டீச்சர். செப்புக் குடத்துல துளசி போட்டு ராத்திரி பூரா வெச்சுண்டா அத்தனையும் சுத்தமாயிடும். ஸ்வாமிக்கே அந்தத் தீர்த்தம்தானே?" என்பார். குடத்தைத் தினமும் புளி போட்டுத் தேய்த்து, தண்ணீர் பிடித்து, பால்கனியில் கொண்டுபோய் வைப்பது முனியம்மாளின் வேலை. எங்கள் ஃப்ளாட்ஸில் என் வீட்டையும் சேர்த்து நாலு வீட்டில் ஏழு வருஷமாக வேலை செய்துவந்தவள். கால்வாய் ஓரத்துக் குடிசையில் அவள் புருஷன் பஞ்சாட்சரம் முதுகெலும்பு போய்ப் படுத்திருந்தார். இந்த நாலு வீட்டை வைத்துத்தான் அங்கே அடுப்பு எரிந்தது.

திராட்சைக் கொடியில் பூஞ்சையைக் கொல்ல மயில்துத்தம் தெளிக்கிறார்களே, அது செம்பு உப்புதான். புளியால் தேய்த்த குடத்தில் ராத்திரி முழுக்கத் தண்ணீர் கிடந்தால் அதில் என்ன கரையும் என்று எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம். மனிதர்கள் குடித்தால் ஒன்றும் ஆகாது. இலையாலேயே குடிக்கிற செடிக்கு அது விஷம். குடத்தைப் பார்த்த முதல் நாளே எனக்குப் புரிந்துவிட்டது.

நான் வாயைத் திறக்கவில்லை. அதற்கு முந்தின வாரம்தான், மேலிருந்து சொட்டிச் சொட்டி என் புடவையெல்லாம் கறையாகிறது என்று முறையிடப் போயிருந்தேன். "சுத்தமான தீர்த்தம் டீச்சர், உங்க புடவை கொடுத்து வெச்சிருக்கு," என்று சிரித்தார். படட்டும் என்று இருந்துவிட்டேன். மாடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு உள்ளூர ஒரு சந்தோஷம்கூட இருந்தது.

ஜனவரி கடைசியில் இலை நுனிகள் கறுத்தன. பிறகு காற்றுச் செடிகள் ஒவ்வொன்றாக அடியோடு கழன்று விழுந்தன. ப்ரொமீலியாட்களின் நடுக்குருத்து அழுகியது. கண்காட்சிக்குப் பத்து நாள் இருக்கும்போது, காலையில் மாடிப்படியில் வைத்து முனியம்மாளைப் பிடித்துக்கொண்டார்.

"தண்ணியில என்னத்தைக் கலந்தே?"

"நான் இன்னா கலக்கப் போறேன் சாமி? நீ சொன்னாப்பலதான் புளி போட்டுத் தேய்ச்சிக்கினு இருந்தேன். அந்தத் தண்ணி நாக்குல பட்டா ஒரு மாதிரி கடுக்குது. செடிக்கு அது ஒத்துக்கலையோ இன்னாவோ."

"நீ எனக்குப் பாடம் நடத்தறயா? சோப்புக் கையோட குடத்தைத் தொட்டிருக்கே. ராசியில்லாத கை உன் கை. இனிமே இந்தாத்துப் படி ஏறாதே."

நான் கீழே என் வீட்டைப் பூட்டிக்கொண்டிருந்தேன். முனியம்மாள் என்னைப் பார்த்தாள்.

"டீச்சரம்மா, நீ படிச்சவ. நீயாவது சொல்லேன்."

"எனக்கு ஸ்கூலுக்கு நாழியாச்சு முனியம்மா," என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினேன்.

சுப்பராமன் அவள் கை ராசியை மாடி மாடியாகப் போய்ப் பறைசாற்றினார். ஒரே வாரத்தில் இன்னும் இரண்டு வீட்டில் அவளை நிறுத்திவிட்டார்கள். நமக்கேன் வம்பு என்று மார்ச்சில் நானும் வேறு ஆள் பார்த்துக்கொண்டேன். கண்காட்சிக்கு அவர் வெறுங்கையோடு போய், பரிசு வாங்கிய செடிகளிலெல்லாம் குற்றம் சொல்லிவிட்டு வந்தார்.

ஒன்றரை வருஷம் கழித்து, என் வீட்டு வேலைக்காரி சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டாள். வெட்கத்தை விட்டு முனியம்மாளைத் தேடிப் போனேன். அவள் குடிசை வாசலில், விரிசல் விட்ட பிளாஸ்டிக் மக்கில் ஒரு ப்ரொமீலியாட் நடுவில் செக்கச் செவேலென்று பூத்து நின்றது.

"குப்பையில போட்டாரு, எடுத்துக்கினு வந்தேன்," என்றாள். "அடிபம்புத் தண்ணிதான் ஊத்தறேன். அழுவுனது போவ, பக்கத்துல இருந்து கெளம்பி வந்து பூத்துகீது."

வேலைக்கு வர முடியாது என்றாள். திருவான்மியூரில் இரண்டு வீடு, இரண்டு பஸ் மாறிப் போய்வருகிறாளாம். நான் கிளம்பும்போது, செடியின் அடியில் முளைத்திருந்த குட்டி ஒன்றைப் பிய்த்து, ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தாள்.

"இத்த சாமிகிட்ட குடு டீச்சரம்மா. செம்புத் தண்ணி மட்டும் வோணாம்னு சொல்லு. நான் கெடுக்கலைன்னு அவருக்குத் தெரிஞ்சா போதும். ஏழு வருசம் பொழங்குன வூடு."

சொல்கிறேன் என்றுதான் வாங்கிக்கொண்டு வந்தேன். முதல் நாள் சுப்பராமன் வீடு பூட்டியிருந்தது. மறுநாள் எனக்குப் பரீட்சைத் தாள் திருத்தும் வேலை. அதற்கப்புறம் போனால், இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார். செடியை என் பால்கனியில், மேலே இருந்து பார்த்தால் தெரியாத மூலையில் வைத்தேன். பிளாஸ்டிக் மக்கால் தண்ணீர் விட்டேன்.

தொண்ணூற்றொன்பதில் அது பூத்தது. வெயில் படட்டும் என்று ஒருநாள் வெளியே நகர்த்தி வைத்ததுதான் தப்பு. மேல் கிரில்லில் சுப்பராமனின் தலை தெரிந்தது.

"டீச்சர், எனக்கு ஒண்ணுகூடத் தங்கலையே. நீங்க எப்படிக் கொண்டுவந்தேள்? என்ன பண்ணினேள்?"

மக் என் கையிலேயே இருந்தது.

"என்ன சார், கைராசிதான்," என்றேன்.

"அதைத்தான் நானும் சொல்லிண்டே இருக்கேன்," என்றார் சுப்பராமன். "எங்காத்துல அந்த முனியம்மா கை பட்டுதே, அத்தனையும் போச்சு."

நான் அவர் சொன்னதற்குத் தலையாட்டிவிட்டு, செடிக்குத் தண்ணீர் விட்டேன்.