பெல்ட்டை நிறுத்திய கயிறு

பேய், முனி என்று எவனாவது வாயைத் திறந்தால் எழுந்து போய்விடுகிற ஆள் நான். கரண்டு வேலை பார்க்கிறவனுக்கு ஒயரில் சப்ளை இருக்கும், அல்லது இருக்காது. நடுவில் ஆவி, கீவி எதுவும் கிடையாது. அப்படிப்பட்டவன் சொல்வதை நீங்கள் நம்பித்தான் ஆக வேண்டும் என்று கட்டாயமில்லை. சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

கோவில்பட்டியிலிருந்து விளாத்திகுளம் போகிற வழியில் ஒரு பருத்தி அரவை மில், அங்கே நான்தான் எலக்ட்ரீசியன். நீளமான பெல்ட்டில் பருத்தி ஓடிவரும், பெண்கள் வரிசையாக நின்று சருகையும் கொட்டையும் பொறுக்குவார்கள். பெல்ட்டின் ஓரமாகவே ஒரு சிவப்புக் கயிறு போகும். கையோ சேலையோ மாட்டிக்கொண்டால் நின்ற இடத்திலேயே அதை இழுத்தால் போதும், முனையில் இருக்கிற சுவிட்ச் விழுந்து பெல்ட் நின்றுவிடும். நம் சனங்கள் அதை என்ன செய்தார்கள் தெரியுமா? கொடியாக்கிவிட்டார்கள். தூக்குச்சட்டி, துண்டு, வெற்றிலைப் பை, கழுகுமலைக்குப் போய்வந்த மஞ்சப்பை, எல்லாம் அதில்தான் தொங்கும். கனம் தாங்காமல் சுவிட்ச் விழும், பெல்ட் நிற்கும். நானே சுவரில் வரிசையாக ஆணி அடித்துக் கொடுத்தேன். ஒருத்தி திரும்பிப் பார்க்கவில்லை.

முதலாளி வந்து கத்தினார். "என்னவே, டவுன் பஸ் கணக்கா நிமிசத்துக்கு ஒருக்கா நிக்குது? அந்தச் சுவிட்சத் தூக்கி எறியும்."

"ஆபத்துக்கு வேணும்லா மொதலாளி."

"இத்தன வருசத்துல எவ கை போச்சு? சொன்னதச் செய்யும்."

சேலை மாட்டினால் என்ன ஆகும் என்று யோசிக்கிற அளவுக்கு அந்த மண்டையில் ஒன்றும் கிடையாது. ஆனால் அதை யோசிக்கத் தெரிந்த நான் என்ன கிழித்தேன்? சுவிட்சுக்குள் இரண்டு முனையையும் ஒரு துண்டு ஒயரால் சேர்த்து முடுக்கி, மூடிவிட்டேன். இனி யானை இழுத்தாலும் பெல்ட் நிற்காது. பெண்களிடம் யாரும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை.

ஒரு வாரம் இருக்கும். மத்தியானம் மூன்று மணி, மண்டையைப் பிளக்கிற வெயில். எதிரே டீக்கடையில் ஒருத்தர் கண்மாய்க்கரையில் முனியைப் பார்த்ததாக அளந்துகொண்டிருந்தார். "முனிகிட்ட ஆதார் கார்டு இருந்துச்சாவே?" என்று நான் கேட்க, அஞ்சாறு பேர் கெக்கெக்கே என்று சிரிக்கிறார்கள். அந்த நேரத்தில் மில்லுக்குள்ளிருந்து பெண்கள் வீறிடுகிற சத்தம். டம்ளரைப் போட்டுவிட்டு ஓடினேன்.

பெல்ட் நின்றிருந்தது. மற்ற மிஷின்கள் எல்லாம் ஓடுகின்றன, அது மட்டும் நிற்கிறது. சண்முகத்தாய் என்கிற பெண்ணின் முந்தானை கடைசி உருளையில் சுற்றி, அவளை இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. கழுத்துக்கும் உருளைக்கும் ஒரு சாண் இருந்தால் அதிகம்.

"கயித்த இழுத்து நின்னுட்டு. இல்லன்னா போயிருப்பா" என்றார் சூப்பர்வைசர்.

கயிற்றை இழுத்தால் நிற்காது என்று தெரிந்தவன் அங்கே நான் ஒருத்தன்தானே. சேலையை அறுத்து அவளை உட்கார வைத்த பிறகு சுவிட்சைத் திறந்து பார்த்தேன். நான் போட்ட ஒயர் போட்டபடியே இருக்கிறது. மெயின் சுவிட்ச் இருக்கிற பேனல் ரூம் பூட்டு பூட்டியபடி, சாவி என் இடுப்பில். பியூஸ் போகவில்லை, ரிலே விழவில்லை. பெல்ட்டை ஓடவிட்டு நானே கயிற்றை இழுத்தேன். ஓடுகிறது. பத்துத் தடவை இழுத்தேன், அது பாட்டுக்கு ஓடுகிறது. லூஸ் கனெக்‌ஷன் என்பீர்கள். என் வேலையை அப்படிச் சொல்ல இன்னும் ஒருவன் பிறக்கவில்லை.

யாரையும் கேட்காமல் அந்த ஒயரைப் பிடுங்கி எறிந்தேன்.

முதலாளிக்கு அது தெரியாது. அம்மன் வந்து காப்பாற்றிவிட்டாளாம், ஆள் உயரத்துக்கு ஒரு மாலையைக் கொண்டுவந்து கயிற்றில் போட்டார். கனத்தில் சுவிட்ச் விழுந்து பெல்ட் நின்றது. அதற்கும் கன்னத்தில் போட்டுக்கொண்டார், கருமம்.

சாயங்காலம் சண்முகத்தாயிடம் மெதுவாகக் கேட்டேன். "தாயி, கயித்த நீதான இழுத்த?"

"நான் எங்க இழுக்க? ரெண்டு கையும் சேலையல்லா புடிச்சிருந்துச்சு. நீங்கதான அண்ணாச்சி இழுத்தீங்க."

"நான் டீக்கடையிலல்லா இருந்தேன்."

"வெளையாடாதீங்க. எம்பக்கத்துலதான நின்னீங்க. இழுத்துக்கிட்டே ஏங்கி ஏங்கி அழுதீங்களே."

டீக்கடையில் என்னோடு சிரித்தவர்கள் அஞ்சாறு பேர், இன்றைக்கும் போய்க் கேட்கலாம். என் அப்பாவைத் தூக்கின அன்றைக்குக்கூட நான் அழாதவன் என்பது ஊருக்கே தெரியும். சண்முகத்தாய் இப்போதும் என்னை எங்கே பார்த்தாலும் கையெடுத்துக் கும்பிடுகிறாள், எனக்குக் கூசுகிறது. அந்த ஒயரைப் போட்டது நான்தான் என்று அவளிடம் சொல்ல இன்றுவரை வாய் வரவில்லை. அது தெரிந்து, அங்கே நின்று அழுதவன் யார்?