கழுத்தில் மட்டும் போகாத புள்ளிகள்

நெசமா நடந்ததுங்க. நம்பாதவங்க நம்பாட்டிப் போங்க, கால்ல உழுந்து கேக்க மாட்டேன். பேய்னாலே ராத்திரி பன்னெண்டு மணிம்பாங்க. எனக்கு நடந்தது பட்டப்பகல்ல. 1976, சித்திரை மாசம், ஒரு திங்கக்கிழமை.

அப்ப நான் கொல்லங்கோட்டுல பிச்சைமணி அண்ணன் ஸ்டுடியோவுல வேலை. காத்தால பதினோரு மணிக்கு கருப்புசாமின்னு தோட்டம் வெச்சு வெள்ளாமை பண்ற ஒருத்தரு வந்தாரு. கையில கிழிச்ச ஒரு தாளு. ஏதோ விவசாயக் கண்காட்சி மலருங்க. நல்ல விதைக் கடலைக்குப் பரிசு வாங்குன பொம்பளை படம், தீப்பெட்டி அளவு.

"எம் பொண்டாட்டிங்க, கமலாத்தாள். வேற படம் இல்லீங்க. பெருசாப் போட்டுக் குடுங்க."

எங்க பக்கம் அந்தக் காலத்துல செத்தவங்க படத்தைத்தான் அத்தனை பெருசு பண்ணுவாங்க. "எப்பங்க?"ன்னு மெதுவாக் கேட்டேன். அவரு கடியாரத்தைப் பாத்தாரு. "நாலு மணிக்கு வர்றனுங்க"ன்னு போயிட்டாரு.

அச்சுல வந்த படத்தைப் பெருசு பண்ணுனா மூஞ்சி தெரியாதுங்க, வெறும் கருப்புப் புள்ளிதான் தெரியும். அதுக்கு ஒரு வழி இருக்குது. படம் விழுற லென்சுக்கு அடியில நைலான் சல்லாத் துணியை இழுத்துக் கட்டிட்டா, புள்ளியெல்லாம் கரைஞ்சு தோல் வழவழன்னு வந்துரும். படம் போடற பெரிய தாளு கையில இருந்தது மூணே மூணு. "கெடுத்துத் தொலைச்சீன்னா ஊட்டுக்கு நடையக் கட்டு, அர்த்தநாரி"ன்னு அண்ணன் முன்னாடியே மெரட்டி வெச்சிருந்தாரு. ஊட்டுல ரெண்டு கொழந்தைங்க. வேற பொழப்பும் எனக்குத் தெரியாது.

ரெண்டே கால் மணி. இருட்டறைக்குள்ள நான் மட்டும். சிவப்பு பல்பு. மருந்துத் தண்ணியில மொதத் தாளைப் போட்டேன். மூஞ்சி அழகா வந்துது. கழுத்துல மட்டும் அஞ்சு கருப்புத் திட்டு.

அந்த மலர்த் தாளை எடுத்து பூதக்கண்ணாடி வெச்சுப் பாத்தேன். அதுல கழுத்து சுத்தமா இருந்துது.

துணியை ரெண்டா மடிச்சுக் கட்டி ரெண்டாவது தாளைப் போட்டேன். திட்டு மங்கணும்ல? மங்கல. பளிச்சுன்னு வந்துது... இந்தப் பக்கம் நாலு விரல். அந்தப் பக்கம் கட்டை விரல். நகம் பதிஞ்ச தடம் வேற.

கண்ணு ரெண்டும் பிதுங்க ஆரம்பிச்சுது. தாளுக்குள்ள.

ரெண்டு முப்பத்திரெண்டு.

சடக்... சடக்... கண்ணாடி வளையல் உடையற சத்தம். என் காதுக்குப் பக்கத்துல.

அப்புறம் தட்... தட்... தட்... யாரோ குதிகால்ல செவுத்தை ஒதைக்கறாங்க.

பின்னாடி இருந்து என் கழுத்தை ஒரு கை புடிச்சுது.

ஆம்பளைக் கை. காய்ச்சுப் போன கை.

தலையை மேசையில மோதுச்சு. ஒரு தடவை. ரெண்டு தடவை. வாயில ரத்தம்.

மூச்சு வல்ல...

மருந்துத் தட்டோட கீழ உழுந்தேன்.

அண்ணன் கதவைத் தொறந்தாரு. உள்ள வேற ஆளே இல்ல. வளையல் துண்டு ஒண்ணும் இல்ல. "ரெண்டு தாளு போச்சாடா? மிச்சம் ஒண்ணுதான். ஒழுங்கா முடிக்கறயா, போறயா?"

கதவைத் தாண்டி ஓடிரலாம்னு பாத்தேன். ஆனா வேலை போயிருமே... துணியை மூணா மடிச்சேன். வந்த படத்துல அஞ்சு விரலும் இருந்துது. காய வெச்சு, தூரிகையில சாயம் தொட்டு ஒவ்வொண்ணா அழிச்சேன். அந்தக் கண்ணு என்னையவே கெஞ்சற மாதிரிப் பாத்துட்டு இருந்துது.

நாலு மணிக்கு டாண்ணு கருப்புசாமி வந்தாரு. படத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்தாரு.

"கழுத்து சுத்தமா வந்துருக்குதுங்க"ன்னாரு. கழுத்தைப் பத்தி நான் வாயே தொறக்கலை.

ரெண்டு நாள் தூக்கம் இல்ல. மனசு கேக்காம புதன்கிழமை காத்தால, ரசீதுல இருந்த விலாசத்தைப் பாத்து அவங்க ஊருக்குப் போனேன், படத்துக்கு ஒரு கும்புடு போட்டுட்டு வந்தா அது என்னைய விட்டுரும்னு. அந்த ஊட்டு வாசல்ல அப்பத்தான் பந்தல் போட்டுட்டு இருந்தாங்க. நான் சாயம் பூசுன படம் மாலையோட நிக்குது. அதுக்குக் கீழ, பாயில, அவங்களே கெடந்தாங்க. கழுத்து வரைக்கும் சீலை போத்தியிருந்துது.

பக்கத்து ஊட்டு காளியாத்தாள் மாரடிச்சு அழுதுட்டு இருந்தாங்க. "எப்பங்க?"ன்னேன்.

"நேத்து ராத்திரி கெணத்துல உழுந்துட்டா தம்பி... பொழுது சாயற வரைக்கும் எங்கூடத்தான் ஒக்காந்து கடலைக்காய் ஒடைச்சிட்டிருந்தா."