மாற்று ஆட்டக்காரரின் நாற்காலி

கல்வி இலாகாவின் விளையாட்டுப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். கூடைப்பந்து விதிகளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதனால் யாருக்கும் எந்தப் பயனும் இல்லை என்பதை, என் தங்கை மகன் பினாங்குத் தீவின் ஜார்ஜ்டவுனில் ஆட வந்த அன்று தெரிந்துகொண்டேன்.

புக்கிட் மெர்தாஜாமில் வளர்ந்து, வெளியூரில் யாரும் கேள்விப்படாத ஒரு கல்லூரிக்கு ஆடி, கோலாலம்பூரின் தொழில்முறை அணி ஒன்றில் இடம் பிடித்தவன் அவன். இடம் என்றால் பெஞ்சில். அந்தப் பருவம் முழுக்க மற்றவர்களுக்குத் துண்டு நீட்டினான், கைதட்டினான். பினாங்கு ஆட்டத்துக்கு முன்னால் எனக்குப் போன் செய்தான்.

"மாமா, இந்த மேட்ச்ல என்னை எறக்குறேன்னு கோச் சொல்லிட்டாரு. ஆடுறத பாத்துட்டுத்தான் அடுத்த வருஷத்துக்கு சைன் பண்ணுவாராம். அம்மாகிட்ட மட்டும்தான் சொல்லியிருக்கேன்."

அம்மாவிடம் மட்டும் சொன்ன சேதி, அவன் ஊர்க் கோயில் கமிட்டியின் வாடகை பஸ்ஸாகக் கடல் பாலம் தாண்டி வந்து அரங்கின் முன் நின்றது. கமிட்டித் தலைவர் கையில் பொன்னாடை. தங்கை கையில் ரோஜா மாலை, வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக் கொண்டுவந்திருந்தாள்.

"ஆட்டம் முடிஞ்சு போடுங்க தலைவரே" என்றேன்.

"முடிஞ்சப்புறம் யாரு சார் பாப்பாங்க? கேமராக்காரன் மூட்டை கட்டிருவான். ரூல் பேசத்தான் பென்சன் குடுக்குறாங்களா? சும்மா வாங்க லா."

பஸ்ஸே சிரித்தது.

மூன்றாவது பகுதியில் கோச் அவனைப் பார்த்துத் தலையசைத்தார். விதி இதுதான்: மாற்று ஆட்டக்காரர் தானே அலுவலர் மேசைக்குப் போய்ச் சொல்லிவிட்டு, பக்கத்து நாற்காலியில் தயாராக உட்கார வேண்டும். ஆட்டம் நின்றதும் நடுவர் அழைப்பார். அவன் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுப் போய் உட்கார்ந்தான். எங்கள் ஆட்களைப் பொறுத்தவரை, ஒருவனை முன்னால் தனி நாற்காலியில் உட்கார வைத்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். மரியாதை செய்யப் போகிறார்கள்.

"இப்பத்தான் தலைவரே, போங்க, போங்க!" என்று தங்கை மாலையைத் தலைவர் கையில் திணித்தாள்.

அவர் தடுப்பைத் தாண்டி ஓடினார். மாலை அவன் கழுத்தில் விழுந்தது. பொன்னாடை விழுந்து சட்டை எண்ணை மூடியது. தலைவர் கேமராவைத் தேடித் திரும்பியபோது இதழ்களும் தண்ணீரும் ஆடுகளத்துக்குள் சிதறின. நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்தினார். ஒருவர் தரை துடைக்க ஓடி வந்தார். கோச் அவனை விரலால் பெஞ்சுக்கு அழைத்துவிட்டு வேறொருவனை இறக்கினார். அப்படி இறங்கி அன்று கடைசிவரை களத்தில் நின்றவன், அமெரிக்காவில் ஏதோ ஒரு சிற்றூர்க் கல்லூரியிலிருந்து வந்த பையன். அவன் செய்த புண்ணியம், அந்த ஊரிலிருந்து பினாங்குக்குப் பஸ் கிடையாது.

கார் நிறுத்துமிடத்தில் தங்கை மகன் என்னிடம் கேட்டான்: "அப்புறமாச்சும் எறக்கியிருக்கலாம்ல மாமா? ரூல்ல தடை ஏதும் இருக்கா?"

"இல்ல. எத்தன வாட்டி வேணாலும் எறக்கலாம்."

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அணியின் பஸ்ஸை நோக்கி நடந்தான்.

அடுத்த ஆண்டுக்கு ஒப்பந்தம் கையெழுத்து ஆகவில்லை. இப்போது அவனுக்குப் பிறை நகரில் ஒரு தொழிற்சாலையில் ஷிஃப்ட் வேலை. எல்லாம் இனப் பாகுபாடு என்று தலைவர் முடிவு கட்டி, திருவிழாக் கூட்டத்தில் மைக்கிலேயே முழங்கினார். தங்கையும் அதையே நம்புகிறாள். பாகுபாடே கிடையாது என்று இலாகாவில் குப்பை கொட்டிய நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அதற்கு நாம் வேலையே வைக்கவில்லை.

போன தீபாவளிக்குத் தங்கை வீட்டுக்குப் போயிருந்தபோது, அவள் அடுப்படியில் இருந்த நேரம் பார்த்து அவனிடம் கேட்டேன்: "உண்மைக் காரணத்த வீட்லயாவது சொல்லிட வேண்டியதுதானடா?"

"அந்த மாலை யாரு கையிலேருந்து போச்சுன்னு நானும் பாத்தேன் மாமா" என்றான். "பாகுபாடாவே இருந்துட்டுப் போவட்டும்."