சிவப்பு மையில் 'மிக நன்று'

கொக்கி டீச்சருக்கு அந்தப் பெயர் சும்மா வரவில்லை. ஒரு எழுத்தின் வாலை அடுத்த எழுத்தின் கழுத்தில் மாட்டும் வளைவை அவர் கொக்கி என்பார். அது விட்டுப்போனால் நாலு வரி நோட்டில் சிவப்பு வட்டம் விழும். பத்தொன்பது வருடமாகப் பள்ளியில் இதே வேலைதான், எழுத்தோடு எழுத்தைக் கோத்து எழுதப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது. வெள்ளிக்கிழமைதோறும் சொந்தமாக ஒரு பக்கம் எழுதச் சொல்வார். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு திருத்துவார். சாய்வைப் பார்ப்பார், இடைவெளியைப் பார்ப்பார். என்ன எழுதியிருக்கிறது என்பதை மட்டும் பார்க்கவே மாட்டார். படிக்க ஆரம்பித்தால் கண் கதைக்குள் போய்விடுமாம். இதைப் பெருமையாக வேறு சொல்லிக்கொள்வார்!

அன்று ஒன்பது வயதுப் பிள்ளைகளுக்குக் கையெழுத்துப் போடப் பழகும் பாடம். ஆளுக்கொரு கையொப்பம் உருவாக்க வேண்டும். ஒருத்தன் தன் பெயருக்கு அடியில் பாம்பு விட்டான். இன்னொருத்தி போட்டது கோழி கிளறின மாதிரி இருந்தது.

"அழகா இருந்தா மட்டும் பத்தாது. கையெழுத்துப் போட்டா, இதை நான் படிச்சேன், எனக்குத் தெரியும்னு அர்த்தம்," என்றார் டீச்சர்.

முதல் பெஞ்சிலிருந்து குச்சி எழுந்தாள். ஒல்லியான உடம்புக்கு வகுப்பு வைத்த பெயர் அது. கொக்கி பிசகாமல் எழுதுகிறவள்.

"அப்ப என் தம்பிய எப்ப கூட்டிட்டு வரட்டும், டீச்சர்?"

"எந்தத் தம்பிம்மா?"

"நோட்டுல எழுதினேனே."

டீச்சர் சிரித்துக்கொண்டேதான் நோட்டை வாங்கினார். முதல் முறையாகப் படித்தார்.

'அம்மா விடியும் முன்பே வேலைக்குப் போய்விடுவார். தம்பிக்கு மூன்று வயது. அவனை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வருகிறேன். கதவைத் தட்டித் தட்டி அழுவான். அவனை வகுப்புக்குக் கூட்டி வரலாமா? சத்தம் போடமாட்டான்.' அடியில் சிவப்பு மையில், 'மிக நன்று.' அதற்கும் அடியில் அவருடைய கையெழுத்து.

முந்தைய வாரத்தைப் புரட்டினார். 'நேற்று தம்பி வாளிக்குள் விழுந்துவிட்டான். நல்லவேளை, தண்ணீர் குறைவு.' அதன் கீழே, 'கொக்கிகள் அருமை.'

டீச்சருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"இப்ப எங்க இருக்கான்?"

"வீட்லதான்." பென்சில் டப்பாவிலிருந்து சாவியை எடுத்துக் காட்டினாள் குச்சி.

வகுப்பைப் பக்கத்து அறை டீச்சர் தலையில் கட்டிவிட்டு, குச்சியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினார். மூன்று தெரு. வழியில் செருப்பு வார் அறுந்ததும் அதை அங்கேயே உதறினார். சாவியை வாங்கித் தலைகீழாக நுழைத்தார், பூட்டு அசையவில்லை. குச்சிதான் திறந்தாள்.

கதவை ஒட்டி வெறுந்தரையில் தூங்கிக்கொண்டிருந்தான் பையன். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. வாரி எடுத்ததும் கண் விழித்து, தெரியாத முகத்தைப் பார்த்து வீறிட்டான். டீச்சருக்கு அப்போதுதான் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கோபமும் வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

"ஏன்டி, இத்தனை நாளா ஒருத்தர்கிட்டயும் வாயத் திறக்கல?"

குச்சி திருதிருவென்று விழித்தாள். "உங்ககிட்ட சொன்னேனே டீச்சர். வாராவாரம் சொன்னேன். நீங்களும் கையெழுத்துப் போட்டீங்களே."